பழைய கெனன் 700டி கெமரா ஒண்டோட கல்யாண வீட்டுப் படத்துக்கு வரலாமா? முதல் எதைப் படிக்கிறது?

களுவாஞ்சி_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். கையில கிடக்கிறது இவ்வளவுதான்: கைமாறின கெனன் 700டி, 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப்/1.8, பெட்டரி ஒண்டு, 16 ஜிபி காட் ஒண்டு. ஒரு வருசத்துக்குள்ள கல்யாண வீடு, சாமத்திய வீடு எடுக்கிற அளவுக்கு வரவேணும். யூடியூப்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க, அவங்கட நாட்டு வெளிச்சமும் நம்மட மட்டக்களப்பு வெளிச்சமும் ஒண்டில்ல. முதல் எதைப் படிக்கிறது? அடுத்த காசுக்கு பிளாஷ் வாங்கிறதா, இன்னொரு லென்ஸ் வாங்கிறதா?

திருத்துமேசை

காசு செலவழிக்க முதல் கையில கிடக்கிறதைச் சோதிங்க தம்பி. இந்தக் கரையோரத்துல கைமாறின கெமரா எண்டா ரெண்டு நோயைத் தேடிப் பார்க்கவேணும்: பூஞ்சணம், உப்பு.

லென்ஸைக் கழட்டுங்க. இருட்டு அறையில பின்பக்கத்தால போன் டோர்ச்சை அடிச்சு, முன்பக்கத்தால சரிச்சுப் பாருங்க. நேர பார்த்தா தெரியாது. சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரிக் கிளை விட்டிருந்தா பூஞ்சணம். தனித்தனிப் புள்ளி எண்டா தூசி, அதால படத்துக்கு ஒண்டும் ஆகாது. கெனன் லென்ஸைக் கழட்டினாலும் அதுட கண் திறந்தபடியே இருக்கும், பார்க்கிறது லேசு. நிகோன் ஜி வகை லென்ஸ் கழட்டினதும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். பின்னால இருக்கிற சின்ன நெம்பை விரலால தள்ளிப் பிடிச்சாத்தான் உள்ளுக்குத் தெரியும். இது தெரியாம "லென்ஸ் சுத்தம்" எண்டு வாங்கிக்கொண்டு வாறவங்க கனபேர்.

ஓரத்துல கொஞ்சம் பூஞ்சணம் எண்டா பயப்பிடத் தேவையில்ல. நடுவுல வலை கட்டியிருந்தா வெயிலுக்கு எதிரா எடுக்கக்குள்ள படம் முழுக்க வெளிறும். கண்ணாடிப் பூச்சை அது அரிச்சிருந்தா கழட்டிக் கழுவினாலும் தடம் போகாது.

மறுகா சென்சர். எஃப்/16 (லென்ஸ்ட கண்ணை நல்லாச் சுருக்கிற அளவு) வச்சு, போகஸைக் குழப்பி, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. கறுப்புப் புள்ளி தெரிஞ்சா தூசி. கை ஊதுகுழாயால ஊதிப் போகாட்டி திருத்திற ஆளிட்டக் குடுங்க. வாயால ஊதினா எச்சில் போய் ஒட்டும், அது தூசியை விடக் கரைச்சல். 700டியில திரை திரும்பும், அந்தக் கீலுக்குள்ள போற நாடா வயர் தேயும். திரையை முழுக்கச் சுத்திப் பாருங்க, ஒரு கோணத்துல அணைஞ்சு எரிஞ்சா வயர் போகப்போகுது எண்டு அர்த்தம்.

ஷட்டர் எத்தினை தரம் அடிச்சிருக்கு எண்டது நிகோன்ல படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். கெனன் 700டியில அப்பிடி இல்ல. கணினியோட இணைச்சுத்தான் வாசிக்கவேணும். அதனால "பத்தாயிரம்தான் அடிச்சிருக்கு" எண்டு விக்கிற ஆள் வாயால சொன்னா காட்டச் சொல்லிக் கேளுங்க.

வாவியோரம்

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது தம்பி. வெளிச்சம் ஒன்றில்லை என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆகவே முதலில் வெளிச்சம்.

நமது ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழே முக்கால் பாகையில் இருக்கிறது. சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. அதனால் முகத்துக்கு இதமான அந்தச் சாய்வு வெயில் காலையில் சுமார் இருபத்தைந்து நிமிடம், பின்னேரம் சுமார் இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக நிற்பதும் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். ஐரோப்பியக் காணொளியில் "பொன்வேளை ஒரு மணித்தியாலம்" என்று சொல்வதை நம்பிப் பின்னேரம் வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்தால், மணமகள் வேனால் இறங்கிச் சேலை மடிப்புச் சரிசெய்வதற்குள் வெளிச்சம் போய்விடும்.

நடுப்பகல் வேறு கதை. சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய கிழமையும் செப்டெம்பர் முதற் கிழமையும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். எந்த லென்ஸும் அதைத் திருத்தாது. ஆளை ஓலைத் தாவாரத்தின் விளிம்புக்கு, நிழலுக்குள் ஓரடி தள்ளி, முகம் வெளியைப் பார்க்க நிறுத்துங்கள். வெளியே வெண்மணல் முற்றம் என்றால் இன்னும் நல்லது. மணலில் பட்டுக் கீழிருந்து எழும் வெளிச்சம் கண்குழியை நிரப்பும். சீமெந்துத் தரையென்றால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள், அதே வேலை.

50 எம்எம் ஒன்றை மட்டும் மாட்டி, ஒரே தாவாரத்தில், ஒரே ஆளை, காலை ஆறுக்கும் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் எடுத்து நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதை மூன்று கிழமை செய்தால் போதும்.

ஒலுவில்_காத்து

வாவியோரம் அண்ணன் சொல்றது சரி, ஆனா தம்பி கேட்டது கல்யாண வீடு. காசு வாற வேலை முக்கால்வாசி மண்டபத்துக்குள்ள. அங்க சூரியனும் இல்ல, தாவாரமும் இல்ல. ஊதா லைட்டும், எல்ஈடி திரையும், சிவப்புச் சீலை கட்டின சீலிங்கும்தான். மூணு கிழமை தாவாரத்துல நிண்டு பழகினவன் மண்டபத்துக்குள்ள போனா கை நடுங்கும். அடுத்த காசுக்கு பிளாஷ்தான். லென்ஸ் பிறகு.

மெனுவல் பிளாஷ் ஒண்டு போதும். கொடொக்ஸ் டிடி600 மாதிரி ஒண்டும், அதுக்குச் சோடியான ட்ரிகர் (தள்ளி வச்ச பிளாஷை அடிக்க வைக்கிற கருவி) ஒண்டும். தானாக் கணக்குப் போடுற விலை கூடின பிளாஷ் வாங்கிப் பழகத் தேவையில்ல. வெள்ளைச் சேலை கட்டின ஆளைப் பார்த்தா அது வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்புக் கோட்டைப் பார்த்தா கூட்டும், பக்கத்து பக்கத்துப் படம் ரெண்டும் ரெண்டு நிறமா வரும். மெனுவல் எண்டா தூரம் மாறாத வரைக்கும் அளவும் மாறாது.

தொடக்கத்துக்கு இப்பிடி வைங்க: ஐஎஸ்ஓ (சென்சர்ட உணர்திறன்) 800, எஃப்/4, ஷட்டர் 1/100 செக்கன், பிளாஷ் முழுப் பலத்துல 1/8. ரெண்டு மீற்றர்ல ஒரு ஆளை நிப்பாட்டி எடுத்துப் பாருங்க. முகம் வெளிறினா 1/16, 1/32 எண்டு இறக்கிக்கொண்டு போங்க, இருண்டா 1/4. இதுல ஷட்டரை மாத்தினா பின்னால இருக்கிற மண்டப வெளிச்சம் மட்டும் கூடிக் குறையும், முகம் மாறா. எஃப் இலக்கத்தையோ ஐஎஸ்ஓவையோ மாத்தினா ரெண்டும் மாறும். இந்த ஒரு விசயம் கைக்கு வந்தா மண்டபம் பாதி வசமாகிடும். 700டியில 1/200க்கு மேல போகாதீங்க, படத்துல கறுப்புப் பட்டி விழும்.

களுவாஞ்சி_பொடியன்

பிளாஷை சீலிங்குக்கு அடிச்சுத் திருப்பி எடுக்கிறது நல்லம் எண்டு சொல்றாங்களே?

ஒலுவில்_காத்து

சீலிங் வெள்ளையா, மூண்டரை மீற்றருக்குள்ள இருந்தாத்தான். அதுக்கு மேல எண்டா வெளிச்சம் அரைவாசிக்கும் கீழ திரும்பி வரும், பிளாஷ் முழுப் பலத்துல அடிச்சு பெட்டரி ஒரு மணித்தியாலத்துல செத்துடும். சிவப்போ மஞ்சளோ சீலை கட்டியிருந்தா மாப்பிள்ளைட நெத்தியும் அந்த நிறமா வரும். கணினியில திருத்தப் போனா சேலை நிறம் கெடும்.

அப்பிடி இடத்துல பிளாஷைக் கெமராவுல வைக்காம ஸ்டாண்டுல ஏத்துங்க. வெள்ளைக் குடை ஒண்டு, ஆளை விட ரெண்டடி உயரத்துல, 45 பாகை பக்கத்துல. குடை மணவறைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு மென்மை. ஆனா கிட்ட வைச்சா இன்னொரு கரைச்சல் வரும்: தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி. குடையிலிருந்து பொண்ணு ஒரு மீற்றர்லயும் மாப்பிள்ளை ரெண்டு மீற்றர்லயும் இருந்தா பொண்ணு வெளிறி மாப்பிள்ளை இருண்டு போவார். குடையை மூணு மீற்றருக்குத் தள்ளினா அந்த நாலு மடங்கு வித்தியாசம் ரெண்டு மடங்குக்கும் கீழ குறையும். குரூப் படத்துக்கும் இதே கணக்குத்தான்.

பெட்டரி: அல்கலைன் வாங்காதீங்க. எனலூப் மாதிரி சார்ச் பண்ற நாலு, இன்னொரு நாலு. எட்டும் ஒரே நாள் வாங்கினதா இருக்கட்டும். நாலையும் கலந்து போட்டா பலங்குறைஞ்ச ஒண்டு மத்த மூண்டையும் இழுத்து விழுத்தும்.

தாமரைக்கேணி

பிளாஷ் கதைக்கிறதுக்குள்ள ஒண்டு சொல்லிடுறன். இப்ப பொண்ணுக்குப் போடுற பவுண்டேசன்ல வெயில் காப்பு இருந்தா, நேர அடிக்கிற பிளாஷுக்கு முகம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி வெள்ளையாத் திரும்பும். கழுத்தும் கையும் சொந்த நிறத்துல நிக்கும். கண்ணுக்குத் தெரியா, படத்துலதான் தெரியும். மேக்கப் முடிஞ்ச உடனே, மண்டபத்துக்குக் கிளம்ப முதல், ஒரு படம் நேர் பிளாஷ்ல எடுத்து மேக்கப் போடுற அக்காவுக்குக் காட்டுங்க. அந்த நேரம் எண்டா அவங்க சரி பண்ணலாம். குடையில பக்கத்தால அடிச்சா பாதி குறையும்.

மத்தது நிறம். கெமராவுட அளவுமானி எல்லாத்தையும் நடுச் சாம்பலா ஆக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையோட கறுப்பு நிற ஆள் நிண்டா அது வேட்டியைப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். முகத்துல மட்டும் ஸ்பொட் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற முறை) வச்சு அளந்தா இப்ப மறுவளம், நம்மட நிறத்தைச் சாம்பல் அளவுக்கு வெளிற வைக்கும். ஸ்பொட்டை முகத்துல வச்சு, மூண்டில ரெண்டு ஸ்டொப் குறைங்க (ஒரு ஸ்டொப் குறைச்சா வெளிச்சம் அரைவாசி). பிறகு திரையில வேட்டிக் கரை மினுங்குதா எண்டு பாருங்க, வெளிறி எரிஞ்ச இடந்தான் மினுங்கும். கொஞ்சம் மினுங்கினா விடுங்க, சட்டை மடிப்பு முழுக்க மினுங்கினா இன்னும் கொஞ்சம் குறைங்க. ரோ ஃபைல்ல (கெமரா திருத்தாம வைக்கிற மூலப் படம்) எடுத்தா இருண்டதைக் கொஞ்சம் தூக்கலாம். வெளிறி எரிஞ்சுபோன வெள்ளை திரும்பி வரா.

பிள்ளையை வெள்ளையாக்கித் தாங்க எண்டு கேக்கிற தாய்மார் இருக்காங்க. நிறத்தை மாத்தாம வெளிச்சத்தைப் பக்கத்தால குடுத்தா கன்னத்துல பளபளப்பு வரும், அதைக் காட்டினா பிறகு கேக்கமாட்டாங்க.

வாவியோரம்

தாமரைக்கேணி அக்கா சொன்ன பக்க வெளிச்சத்துக்கு இந்த நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது: லயனல் வென்ட்டின் (1900–1944) கறுப்பு வெள்ளைப் படங்கள். நமது தோல் நிறத்தை வெளிறச் செய்யாமல், விளிம்பில் விழும் வெளிச்சத்தால் உருவத்தை எழுப்பியிருப்பார். வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்துக் காட்டிப் பழகுங்கள்.

ஒலுவில் தம்பிக்கு: நீங்கள் குடையை 45 பாகையில் வைக்கச் சொன்னதும் நான் தாவாரத்தில் நிற்கச் சொன்னதும் ஒன்றுதான். தாவாரத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தால் முகம் நன்றாக இருந்தது என்று தெரியாதவன் ஸ்டாண்டை எங்கே வைப்பான்? மூலையில் இடம் கிடைத்த இடத்தில் வைப்பான்.

ஒலுவில்_காத்து

அதுவும் உண்மைதான் அண்ணன். ஆனா மூணு கிழமைக்கு மேல வேணா. மறுகா பிளாஷ்.

மஞ்சள்_துணிப்பை

வாட்டர்மார்க் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. முதல் அதைத்தான் செய்வாங்க, படத்தை விடப் பெருசா.

களுவாஞ்சி_பொடியன்

😂 அது இன்னும் செய்யல்ல. 50 எம்எம்ல எஃப்/1.8 வச்சு எடுத்தா பின்னால மங்கி வடிவா வருது, ஆனா பத்துக்கு ஆறு படம் கூர்மையா இல்ல. லென்ஸ் பிழையா?

தாமரைக்கேணி

லென்ஸ் பிழை இல்ல, கணக்குப் பிழை. 700டியில 50 எம்எம், எஃப்/1.8, ஆள் ஒண்டரை மீற்றர்ல எண்டா கூர்மை நிக்கிற ஆழம் வெறும் ஆறு சென்ரிமீற்றர். மூக்குல போகஸ் பிடிச்சா காது போகும், நீங்க மூச்சு விட்டு ஒரு அங்குலம் பின்னுக்குச் சரிஞ்சா கண்ணும் போகும். எஃப்/4 வச்சு ரெண்டரை மீற்றருக்குப் பின்னுக்குப் போங்க, நாப்பது சென்ரிமீற்றர் கிட்டக் கிடைக்கும். பொண்ணு மாப்பிள்ளை தோளோட தோள் நிக்க அது போதும். தனி ஆளுக்கு எஃப்/2.8. 1.8ஐக் கூத்துக்கு வச்சிருங்க.

போகஸ் புள்ளியைக் கெமராவே தெரிவு செய்ய விடாதீங்க. அது கிட்ட இருக்கிற மாலையைப் பிடிக்கும். நடுப்புள்ளி ஒண்டை மட்டும் வச்சு, கண்ணுல பிடிச்சு, அரைவாசி அமத்தினபடி படத்தைச் சரிப்படுத்தி எடுங்க.

இன்னொண்டு: இந்த 50 உங்கட கெமராவுல 80 மாதிரி வேலை செய்யும். ஒரு ஆளை முழுசா எடுக்க நாலரை மீற்றர் பின்னுக்கு இடம் வேணும். வீட்டுக்குள்ள பொண்ணு வெளிக்கிடுற அறையில அந்த இடம் இருக்காது, 18-55தான். ஆனா 18ல குரூப் எடுக்காதீங்க. ஓரத்துல நிக்கிற மாமிட கை ரெண்டு மடங்கா இழுபட்டு வரும். 24க்கு மேல.

சல்லரி

கூத்துக்கு எஃப்/1.8 எண்டு அக்கா சொன்னதால வாறன். கல்யாண வீட்டுக்குப் பழக மட்டக்களப்புல கூத்துக் களரியை (கூத்து ஆடுற இடம்) விட நல்ல பள்ளிக்கூடம் இல்ல. காசு குடுத்து வந்தவங்க பார்த்துக்கொண்டு நிக்கிறதில்ல, பிழைச்சாலும் விடியும் வரைக்கும் நேரம் இருக்கு.

வட்டக்களரி எண்டா அண்ணாவியாரும் (கூத்துப் பழக்கிற ஆசான்) பிற்பாட்டுக்காரரும் நடுவுல, ஆட்டக்காரர் சுத்தி வருவாங்க. அதனால நீங்க ஓடித் திரியத் தேவையில்ல. ஒரு இடத்துல குந்துங்க, லைட்டை முதுகுப் பக்கமா இல்லாமப் பக்கவாட்டா வச்சுக்கொள்ளுங்க. ஆட்டக்காரர் உங்களுக்கு நேர வாற புள்ளியில ஆரையாவது நிப்பாட்டிப் போகஸ் பிடிச்சு, லென்ஸ்ல எம்எஃப்க்கு (கையால போகஸ்) மாத்திடுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் அவர் அந்தப் புள்ளிக்கு வருவார்.

ஷட்டர்: நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், மலிவு எல்ஈடி லைட்டும் டியூப் லைட்டும் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 1/100 அல்லது 1/50 வச்சா ஒவ்வொரு படத்துக்கும் முழுத் துடிப்புக் கிடைக்கும். 1/250, 1/500 வச்சா ஒரு படம் வெளிச்சம், மத்தது இருட்டு, சிலதுல பாதிப் படம் மஞ்சள். "கெமரா பழுது" எண்டு திருத்துமேசை அண்ணனிட்டக் கொண்டுபோறது இதுக்குத்தான்.

1/100ல ஆட்டம் உறையாது. அதனால ஆட்டத்துக்கு நடுவுல அமத்தாதீங்க. தாளக்கட்டு முடிஞ்சு ஆட்டக்காரர் நிலைக்கு வாற கணத்துல கால் நிக்கும், உடுப்பு மட்டும் இன்னும் சுழலும். மத்தளத்தைக் காதால கேட்டா ரெண்டாஞ் சுத்துலயே எப்ப வரும் எண்டு தெரிஞ்சுடும். எஃப்/2, 1/100, ஐஎஸ்ஓ 3200. பருமணல் மாதிரிப் பொரி வரும், பரவாயில்ல. 800ல இருட்டா எடுத்துக் கணினியில தூக்கினா அதை விட மோசமா வரும்.

வடமோடிக் கூத்து எண்டா ஆட்டக்காரர்ட கரப்புடுப்பு குடை மாதிரி விரியும். அதுக்கு 1/15 வச்சு, ஆட்டக்காரரோட சேர்த்துக் கெமராவையும் திருப்புங்க. இருபதுக்கு ஒண்டு வரும். அந்த ஒண்டுல முகம் நிக்கும், உடுப்பு வட்டமா ஓடும்.

பிளாஷ் அடிக்காதீங்க. ஆட்டக்காரர் கண் கூசித் தாளம் பிசகினா அண்ணாவியார் உங்களைக் களரியை விட்டு எழுப்பி விடுவார், அது நியாயந்தான். நல்லாப் பழகவேணும் எண்டா அரங்கேற்றத்துக்கு மட்டும் போகாம, சதங்கை அணி விழாவுக்கு முதல் பழக்கம் நடக்கக்குள்ளேயே போய் இருங்க.

திருத்துமேசை

சல்லரி சொன்னது நூத்துக்கு நூறு. லைட் துடிப்பைப் பழுது எண்டு நினைச்சு ஷட்டரையே கழட்டி மாத்தின கெமராவும் உலகத்துல இருக்கு.

உப்பு பற்றிச் சொல்லாம விட்டுட்டன். கல்லடிக் கடற்கரையில கரைவலை எடுக்கப் போனா, வீட்டுக்கு வந்த உடனே லென்ஸ் முகத்தைத் துணியால துடைக்காதீங்க. உப்பு உலர்ந்தா பளிங்குத் துணிக்கை, துடைச்சா கீறும். முதல் ஊதுகுழாய், பிறகு லென்ஸ் திரவம் நனைச்ச தாள், நடுவுலிருந்து வெளியால. கெமரா உடம்புக்கு நல்ல தண்ணியில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்ச துணி, பிறகு உலர்ந்த துணி. ட்ரைபொட் காலை விரிச்சுக் கிணத்துத் தண்ணி ஊத்திக் கழுவி நிழல்ல காய விடுங்க. பூட்டுக்குள்ள மணலோட உப்பு இருந்தா ரெண்டு மாசத்துல இறுகிடும். கடற்கரையில லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க.

வைக்கிறது: தோல் பை, துணிப் பை, அலுமாரி மூண்டும் வேணாம். மூடி இறுகிற பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளுக்கு ஈரமானி, செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் 100 கிராம் ரெண்டு பொதி. ஈரம் 40%க்கும் 50%க்கும் இடையில நிக்கவேணும். 60க்கு மேல கிழமைக்கணக்கா நிண்டா பூஞ்சணம் முளைக்கும், மார்கழி மழைக்கு நம்மட வீடுகளுக்குள்ள அதை விடக் கூட. 30க்குக் கீழ போனா ரப்பர் வெடிக்கும். ஜெல் பச்சையா மாறினா 120 பாகை சூட்டுல ரெண்டு மணித்தியாலம் வச்சா திரும்பச் செம்மஞ்சளாகும். நீல நிற ஜெல் வாங்காதீங்க, அதுல கோபால்ட் இருக்கு, சமைக்கிற சட்டியில சூடாக்கிற சாமான் இல்ல அது.

ஏசி மண்டபத்துக்குள்ள இருந்து வெளியால வரக்குள்ள லென்ஸ் வேர்க்கும். துடைச்சுத் துடைச்சு எடுக்கிறவங்களைப் பார்க்கலாம், பயனில்ல, திரும்பத் திரும்ப வரும். வெளியால வர முதல் கெமராவைப் பொலித்தீன் பையில போட்டு இறுக்கி, அரை மணித்தியாலம் சூடேற விடுங்க. நீர் பையில பிடிக்கும், கண்ணாடியில பிடிக்காது.

களுவாஞ்சி_பொடியன்

கரைவலையும் வீச்சு வலையும் எடுக்க ஆசை. வலை விரியிற நேரம் பிடிபடுதில்ல.

வாவியோரம்

வலை முழுவட்டமாக நிற்பது அரைச் செக்கனுக்கும் குறைவு. விரிந்ததைக் கண்டு அமத்தினால் தாமதம். எறிபவரின் தோள் பின்னுக்குத் திரும்பி, முன்கால் ஊன்றும்போது அமத்தத் தொடங்குங்கள். தொடர் படம் வையுங்கள், 700டி செக்கனுக்கு ஐந்து எடுக்கும். ரோவில் எடுத்தால் ஆறேழு படத்தோடு நினைவகம் நிரம்பி நின்றுவிடும். எனவே ஒரு வீச்சுக்கு ஐந்து படத்துக்கு மேல் அமத்த வேண்டாம்.

1/1000, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400, சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள். நிற்கும் இடம் இன்னும் முக்கியம். வலை வெளிறிய வானத்துக்கு எதிரே வந்தால் நூல் தெரியாது. எதிரே கண்டல் காடு கறுப்பாக இருக்கும்படி, சூரியன் எதிர்ப்பக்கத்தில் சற்றுச் சாய்ந்து இருக்கும்படி நில்லுங்கள். நூலில் தொங்கும் தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் மணியாகத் தெரியும். கடலில் சூரியன் எழும், வாவியில் விழும், ஆகவே காலையில் வாவியின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள்.

1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டத்தைப் பின்னணியில் வைக்க விரும்பினால் எஃப்/8க்குப் போங்கள். பாலமும் ஆளும் இரண்டும் கூர்மையாக இருக்கும். ஆனால் எல்லோரும் அதை எடுத்துவிட்டார்கள்.

தாமரைக்கேணி

நம்மட மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம் பற்றியும் சொல்லிவைக்கவேணும். ஆடி அமாவாசைக்குக் கேணியில முழுகிற பெண்களை நனைஞ்ச சேலையோட எடுக்கிறது, அதைப் பேஸ்புக்ல போடுறது, ரெண்டும் வேணாம். பிதிர்க்கடன் குடுக்கிற கை, எள்ளு, தண்ணியில மிதக்கிற பூ இதெல்லாம் கிட்ட நிண்டு எடுக்கலாம், கேட்டுட்டு.

சாமத்திய வீடு எண்டா பிள்ளை பன்னிரண்டு பதிமூண்டு வயசு. தண்ணி வார்க்கிற இடத்துக்குக் கெமராவோட போறதில்ல. தாய் தகப்பன் ஓம் எண்டு எழுதித் தராம ஒரு படமும் உங்கட பக்கத்துல போகக்கூடா. விளம்பரத்துக்குப் பெரிய ஆக்கள்ட கல்யாணப் படம் போதும்.

ஒலுவில்_காத்து

நம்மட முஸ்லிம் பக்கம் கல்யாணம் எண்டா ரெண்டு இடம். நிக்காஹ் ஆம்பிளைகள்ட சபையில, பொண்ணு வேற வீட்டுல. தனி ஆளா ஒத்துக்கொண்டா ஒண்டு தவறும். பெண்கள் பக்கத்துக்குப் பெண் படப்பிடிப்பாளர்தான். சில வீட்டுல பொண்ணுட படமே வேணாம் எண்டுவாங்க. இதை முற்பணம் வாங்குற அண்டே கேளுங்க, அண்டைக்கு வாசல்ல நிண்டு கேக்காதீங்க.

தாலி கட்டுக்கும் ஒண்டு. மேளம் கெட்டியா அடிக்கத் தொடங்கின உடனே சனம் முழுக்க எழும்பும், போன் எல்லாம் உங்கட லென்ஸுக்கு முன்னால வரும். அதுக்கு ரெண்டு நிமிசம் முதல் மணவறைப் படியில முழங்கால் போட்டு இடம் பிடிங்க, வீடியோக்காரரோட முதலே கதைச்சு அவர் எந்தப் பக்கம், நீங்க எந்தப் பக்கம் எண்டு தீர்த்துக்கொள்ளுங்க. பிளாஷை 1/16க்கு இறக்கி ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்க. 1/8லயோ அதுக்கு மேலயோ தொடர்ந்து அடிச்சா பிளாஷ் சார்ச் ஏற நேரமெடுக்கும், முடிச்சுப் போடுற படம் இருட்டா வரும். 1/16ல நாலஞ்சு படம் நிக்காமப் போகும்.

ஊதா, நீல லைட்டை அலங்காரக்காரரிட்டச் சொல்லி அந்த அஞ்சு நிமிசத்துக்கு வெள்ளைக்கு மாத்தச் சொல்லுங்க. மாத்தமாட்டன் எண்டா ஷட்டரை 1/200 ஆக்குங்க, ஊதா அரைவாசியாக் குறையும்.

மஞ்சள்_துணிப்பை

700டிக்கு காட் ஓட்டை ஒண்டுதான். அதோட கல்யாணம் எடுக்கிறது கயித்துல நடக்கிறது. நிகோன் டி7000 எண்டா ரெண்டு ஓட்டை, ஒரே படம் ரெண்டுலயும் பதியும். கைமாறினது கிடைக்குது.

தாமரைக்கேணி

மாத்தினா லென்ஸ் எல்லாம் மாத்தவேணும். இருக்கிறதோட சமாளிக்க வழி இருக்கு. 64 ஜிபி ஒண்டு வாங்கிறதை விட 32 ஜிபி மூண்டு வாங்குங்க. ஒரு 32ல ஆயிரத்துக்கு மேல ரோ பிடிக்கும். பொண்ணு வெளிக்கிடுறது ஒரு காட், தாலி கட்டு ஒரு காட், வரவேற்பு ஒரு காட். காட் நிரம்பும் வரைக்கும் காத்திருக்காம சடங்குக்குச் சடங்கு மாத்துங்க. ஒண்டு போனாலும் மத்தது நிக்கும். கழட்டினதைச் சட்டைப் பையில போடாதீங்க, பெட்டியில கவுத்து வைங்க, அப்பதான் எடுத்தது எது எடுக்காதது எது எண்டு தெரியும். வீட்டுக்கு வந்து நித்திரைக்குப் போக முதல் ரெண்டு ஹாட் டிஸ்க்ல ஏத்துங்க. அல்பம் கையில குடுக்கும் வரைக்கும் காட்டை அழிக்காதீங்க.

ஆனா அண்ணன் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு: கெமரா ஒண்டோட தனியா ஒரு கல்யாணத்தை ஒத்துக்கொள்ளக்கூடா. முதல் பத்துக் கல்யாணமும் இன்னொருத்தருக்கு லைட் பிடிக்கிற ஆளாப் போங்க. உங்கட 700டி அவருக்கு ரெண்டாவது கெமரா.

களுவாஞ்சி_பொடியன்

அல்பம் அடிச்சு வந்தா திரையில பார்த்ததை விட இருட்டா வருது எண்டு சொல்றாங்களே, அது லாப் பிழையா?

திருத்துமேசை

திரை பிழை. கணினித் திரையை முழு வெளிச்சத்துல வச்சுத் திருத்தினா படம் போதும் எண்டு தோணும், தாளுக்கு அந்த வெளிச்சம் இல்ல. திரை வெளிச்சத்தை அரைவாசிக்குக் கீழ இறக்கி, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வச்சுப் பாருங்க. திரை வெள்ளையும் தாள் வெள்ளையும் ஏறத்தாழ ஒண்டா இருக்கவேணும். எஸ்ஆர்ஜிபி எண்ட நிற முறையிலதான் லாபுக்கு அனுப்பவேணும். முதல் 8×12ல அஞ்சு படம் அடிச்சுப் பார்த்துட்டு அல்பத்துக்குப் போங்க.

அளவைப் பற்றிப் பயப்பிடாதீங்க, 700டிப் படம் 5184 புள்ளி அகலம், 18 அங்குலத்துக்கு அடிச்சாலும் அங்குலத்துக்கு 288 புள்ளி வரும். 12×18 அல்பத்துக்குத் தாராளம். 8×10 கேட்டா மட்டும் ரெண்டு பக்கமும் வெட்டுப்படும், குரூப் எடுக்கக்குள்ள ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு எடுங்க.

அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம் எண்டு வருமானம் நினைச்சிருந்தா அதுக்குத் திணைக்களத்துல பதிஞ்ச ஸ்ரூடியோவா இருக்கவேணும். வீட்டுல எடுத்துக் குடுக்க ஏலா.

களுவாஞ்சி_பொடியன்

எல்லாருக்கும் நன்றி. தீர்மானம் இதுதான்: மூண்டு கிழமை தாவாரம், பிறகு மெனுவல் பிளாஷும் குடையும் எட்டுப் பெட்டரியும், 32 காட் ரெண்டு, ஜெல்பெட்டி. லென்ஸ் இல்ல. கடைசியா ஒண்டு: குடையோட ஸ்டாண்ட் வெளியில காத்துக்கு விழுமே?

ஒலுவில்_காத்து

கட்டாயம் விழும், நம்மட கடக்கரைக் காத்துக்குக் குடை பாய்மரம் மாதிரி. ரெண்டு லீற்றர் சோடாப் போத்தல் மூண்டுல ஈர மணல் நிரப்பி, கயித்துல கோத்து ஸ்டாண்ட் நடுத்தண்டுல தொங்க விடுங்க, காலுக்கு ஒண்டு வீதம். காத்து போற பக்கம் ஒரு காலை நீட்டி வைங்க. காத்து மெத்தக் கூடினா குடையைக் கழட்டிட்டு வெறும் பிளாஷை வெள்ளைச் சுவருக்கு அடிச்சு எடுங்க.